தினமும் ஒரு கிளாஸ் தண்ணி எங்க போச்சு? பழைய மாருதியும் கூலன்ட்டும்

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தித் தந்திருக்கிறோம்.)

போன எபிசோடுல பழைய கார் வாங்குறதைப் பத்திப் பேசினோம்ல, அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, வண்டி தண்ணி குடிக்குது. கீழ எங்கயும் ஒழுகல. மெக்கானிக் ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்காரு. நம்பலாமா?" நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். எங்க வீட்டு வண்டிக்கும் அச்சு அசலா இதேதான் நடந்துச்சு. அதனால அந்தக் கதையை வச்சே சொல்லிடுறேன்.

வண்டி 1998 மாடல் மாருதி 800, ஏசி வச்சது. 796 சிசி, மூணு சிலிண்டர், கார்பரேட்டர். 1983-ல வந்த வண்டி, 2014-ல உற்பத்தியை நிறுத்திட்டாங்க. ஆனா பாளையங்கோட்டையில எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் இன்னும் ஒண்ணு நிக்கும். எங்க அப்பாவுக்கு அது நாலாவது பிள்ளை. காலையில எழுந்து காபி குடிக்கிறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடியைத் திருகி, எட்டிப் பார்த்து, குறைஞ்சிருந்தா ஒரு சொம்புல தண்ணி ஊத்துவாரு. தினமும் குறைஞ்சிருக்கும். தினமும் ஊத்துவாரு. "பழைய வண்டில, தாகம் எடுக்கத்தான செய்யும்" அப்டிம்பாரு.

ஒரு கார்த்திகை மாசம் ஞாயித்துக்கிழமை, குடும்பத்தோட அஞ்சு பேர் பாபநாசம் கிளம்பினோம். பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம்னு சமதளமான ரோடு. ரெண்டு பக்கமும் வயலு, முள்ளு பாதியில ஜம்முனு நிக்குது. விக்கிரமசிங்கபுரம் தாண்டி, பாபநாசம் கோயிலையும் தாண்டினா மேல ஏத்தம் ஆரம்பிக்கும். ஏசி ஓடுது, செகண்ட் கியர், அஞ்சு பேரு வெயிட்டு. ரெண்டாவது வளைவுல முள்ளு சிவப்பைத் தொட்டுச்சு. மூணாவது வளைவுல பானெட்டுக்குள்ள இருந்து புகை.

அப்பா வண்டியை ஓரங்கட்டி, தோள்ல கிடந்த துண்டை நாலா மடிச்சு, மூடியைத் திருகிட்டாரு. நான் "அப்பா வேண்டாம்"னு சொல்லி முடிக்கல. கொதிக்கிற தண்ணி துண்டையும் தாண்டி முழங்கை வரைக்கும் அடிச்சிருச்சு. அந்தத் தழும்பு இன்னைக்கும் இருக்கு.

இந்த எபிசோடுல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கிறதா இருந்தா, இதை வச்சுக்கோங்க. சூடான வண்டியில ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க. துண்டு, கோணிச்சாக்கு எதுவும் காப்பாத்தாது. வீட்டுல பிரஷர் குக்கர் இருக்குல்ல, அதே கதைதான். அந்த மூடி மேல 0.9 அல்லது 1.1னு ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும். உள்ள அவ்வளவு அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிறதுதான் அதோட வேலை. சாதாரணமா 100 டிகிரியில கொதிக்கிற தண்ணி, 0.9 அழுத்தத்துல ஏறக்குறைய 118 டிகிரி வரைக்கும் கொதிக்காம இருக்கும். மூடியைத் திறந்த நொடி அழுத்தம் போயிரும். 110 டிகிரியில அமைதியா இருந்த தண்ணி மொத்தமும் அந்த வினாடியே கொதிச்சு, ஆவியும் தண்ணியுமா பீறிட்டு மேல வரும். குக்கர்ல விசில் அடங்குறதுக்கு முன்னாடி மூடியை இழுத்த மாதிரி.

அப்ப என்ன செய்யணும்? இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு அரை மணி நேரமாவது காத்திருங்க. ரேடியேட்டருக்கு மேல போற ரப்பர் ஹோஸைத் துணி வச்சு அழுத்திப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தா உள்ள அழுத்தம் இருக்கு. கொழகொழன்னு அமுங்கி, சூடும் தணிஞ்ச பிறகுதான் மூடிப் பக்கம் கை போகணும். அவசரப்பட்டுக் கொதிக்கிற இன்ஜின்ல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க. ஹெட்டு அலுமினியம், வளைஞ்சிரும். கை வெந்துட்டா ஓடுற பைப்புத் தண்ணியில 20 நிமிஷம் காட்டிட்டு டாக்டரைப் பாருங்க. பேஸ்ட்டு, இங்க்கு எல்லாம் வேண்டாம்.

சரி, கதைக்கு வர்றேன். மறுநாள் ஒரு மெக்கானிக் கிட்ட விட்டோம். அவர் கோர்த்துச் சொன்ன சாட்சி மூணு. வண்டி தினமும் தண்ணி குடிக்குது, கீழ ஒழுகல. ஏத்தத்துல கொதிக்குது. மூணாவதா, ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டிக் காட்டினாரு. உள்பக்கம் பால் காபி நிறத்துல நுரை. "தண்ணி ஆயில்ல கலக்குது சார். ஹெட்டு இறக்கணும், லேத்துல கொடுத்து ஃபேஸ் அடிக்கணும், 18,000 ஆகும்." அவரை நான் ஏமாத்துக்காரர்னு சொல்ல மாட்டேன். அந்த மூணையும் ஒண்ணா வச்சுப் பார்த்தா எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

அப்பாவுக்குத்தான் மனசு ஒப்பல. கையில கட்டோட, பழைய அம்பாசிடர் காலத்துல இருந்து வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணாச்சியைக் கூப்பிட்டாரு. போன்ல அவர் சொன்னது ரெண்டே வார்த்தைதான்: "வண்டியைத் தொடாதிய. காலைல ஸ்டார்ட் பண்ணாம வச்சிருங்க, நான் வாரேன்."

இந்த இடத்துல கொஞ்சம் நிப்போம். தண்ணிப் பிரச்சினையை வண்டி குளிர்ந்து கிடக்கும்போதுதான் கண்டுபிடிக்க முடியும். ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிட்டுப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி சாட்சி அழிஞ்சிரும்.

காலையில ஆறரைக்கு அண்ணாச்சி வந்தாரு. மூடியைத் திறக்கல. முதல்ல மேல் ஹோஸைத்தான் பார்த்தாரு. அது சப்பையாப் போயிருந்துச்சு, யாரோ உள்ள இருந்து உறிஞ்சின மாதிரி. அடுத்தது ஓரத்துல இருக்கிற வெள்ளை ரிசர்வ் பாட்டில். கழுத்து வரைக்கும் ததும்பத் ததும்பப் பழுப்புத் தண்ணி. அப்புறம் மூடியை மெல்லத் திருகினாரு. 'உஸ்'னு காத்து உள்ள போச்சு. ஹோஸ் பொதுக்குனு பழைய உருவத்துக்கு வந்துச்சு. ரேடியேட்டர்ல தண்ணி குறைவு, பாட்டில் நிறைய. "ஏல தம்பி, பாத்தியா? தண்ணி எங்கயும் போகல. போன தண்ணி திரும்பி வரல, அவ்வளவுதான்."

எனக்கு முதல்ல புரியல. அவர் மூடியைக் கவுத்துக் காட்டினப்பதான் விளங்குச்சு. ரேடியேட்டர் மூடியில ஒண்ணில்ல, ரெண்டு வால்வு இருக்கு. பெரிய ஸ்பிரிங் வச்சது அழுத்தத்துக்கு. அளவுக்கு மேல போனா திறந்து, கூடுதல் தண்ணியைப் பாட்டிலுக்கு அனுப்பும். நடுவுல காசு அளவுக்குச் சின்னதா இன்னொரு வால்வு. ராத்திரி இன்ஜின் குளிரும்போது தண்ணி சுருங்கும், உள்ள வெற்றிடம் உண்டாகும். அப்ப அந்தச் சின்ன வால்வு திறந்து, பாட்டில்ல இருந்து தண்ணியைத் திரும்ப உள்ள இழுத்துக்கும். பகல்ல போகும், ராத்திரி வரும். எங்க வண்டியில அந்தச் சின்ன வால்வு துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பெரிய ஸ்பிரிங்கும் தளர்ந்து போச்சு.

இப்ப கணக்கைப் பாருங்க. தண்ணி 30 டிகிரியில இருந்து 80 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் இரண்டரை சதவீதம் விரியும். சின்ன வண்டி, மொத்தமே நாலு லிட்டருக்குள்ளதான் பிடிக்கும். அப்ப ஒரு தடவை சூடானா கிட்டத்தட்ட 90 மில்லி வெளிய போகணும். டீக்கடை கிளாஸ்ல ஒண்ணு. அது ராத்திரி திரும்பி வராததால காலையில குறைஞ்சு தெரியுது. அப்பா சொம்பு எடுத்து நிரப்பிடுறாரு. திரும்ப முழுசா நிறைஞ்ச ரேடியேட்டர், திரும்பச் சூடு, திரும்ப ஒரு கிளாஸ் வெளிய. பாட்டில் ஏற்கெனவே நிறைஞ்சிட்டதால வழியுறது ரோட்டுல போயிரும். வீல் பக்கத்து உள்சுவர்ல பழுப்பா ஒரு கோடு விழுந்திருந்துச்சு. நாங்க மண் தரையில நிறுத்துறதால வீட்டுல சொட்டினாலும் தெரியல. அதாவது, அப்பா தினமும் ஊத்தினதுதான் தினமும் போயிருக்கு! ஊத்தாம விட்டிருந்தா ஒரு கிளாஸ் குறைஞ்சதோட நின்னிருக்கும்.

இதைச் சொன்னப்ப அப்பா முகம் போன போக்கைப் பார்க்கணுமே.

அப்ப அந்தக் காபி நுரை? அண்ணாச்சி டிப் ஸ்டிக்கை உருவினாரு. ஆயில் சுத்தமா இருந்துச்சு, நிறம் மாறல. தண்ணி கலந்திருந்தா அடியில இருக்கிற மொத்த ஆயிலும் பால் காபி ஆகியிருக்கணும். மூடிக்கு அடியில மட்டும் நுரை இருந்தா, பெரும்பாலும் அது ஈரம். மழைக்காலம், அப்பா ஓட்டுறதோ மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மூணு கிலோமீட்டர். இன்ஜின் முழுசாச் சூடேறுறதே இல்ல, உள்ள படிஞ்ச ஈரம் ஆவியாகிப் போக நேரம் கிடைக்கல. அதுக்கு மேல இன்னொரு கூத்து. தெர்மோஸ்டாட்டையே காணோம். என்னைக்கோ, யாரோ, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு"ன்னு கழட்டிப் போட்டுட்டாங்க.

இது தென் மாவட்டங்கள்ல ரொம்பச் சகஜம், எனக்குக் கோபம் வர்ற விஷயமும் கூட. தெர்மோஸ்டாட்டுங்கிறது உள்ள மெழுகு அடைச்ச ஒரு வால்வு. இன்ஜின் சூடாகிற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்குப் போகவிடாது. 80 டிகிரிக்குப் பக்கத்துல மெழுகு உருகி விரிஞ்சு வழி திறக்கும். அதைக் கழட்டினா இன்ஜின் சூடேற ரொம்ப நேரம் எடுக்கும். மைலேஜ் குறையும், ஆயில்ல ஈரம் சேரும். சில இன்ஜின்கள்ல தண்ணி ரேடியேட்டருக்கே போகாம குறுக்கு வழியில சுத்த ஆரம்பிச்சு, கூடுதலாத்தான் சூடாகும். அது வேலை செய்யுதான்னு வீட்டுலயே பார்க்கலாம். ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சு, அதைப் போட்டுச் சூடு பண்ணுங்க. கொதி வர்றதுக்கு முன்னாடியே வாய் திறக்கணும். திறக்கலன்னா மாத்துங்க, கழட்டி எறியாதீங்க. அம்மா சமைக்கிற பாத்திரத்தை எடுக்காம இருக்கிறது நல்லது.

நிஜமாவே ஹெட் கேஸ்கட் போயிருந்தா எப்படித் தெரியும்? குளிர்ந்த வண்டியில மூடியைத் திறந்து வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. முதல்ல ரெண்டு மூணு குமிழி வரும், அது சும்மா காத்து. ஆனா நிக்காம குமிழி வந்துக்கிட்டே இருந்தா, சிலிண்டர்ல எரியுற புகை தண்ணிக்குள்ள வருதுன்னு சந்தேகப்படணும். அதேபோல மூடியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணின ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலயே, இன்னும் சூடே ஏறாதப்ப, மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆனாலும் சந்தேகம்தான். சைலன்சர்ல வெள்ளைப் புகை நிக்காம வர்றது, மூணு ஸ்பார்க் பிளக்ல ஒண்ணு மட்டும் கழுவி வச்ச மாதிரி இருக்கிறது, இதெல்லாம் கூட்டு சாட்சி. உறுதி பண்ண ஒரு நீல நிற மருந்து இருக்கு. ரேடியேட்டர் வாய்ல இருந்து வர்ற காத்தை அதுக்குள்ள இழுத்தா, எரிஞ்ச புகை இருந்தா நீலம் மஞ்சளா மாறும். ஹெட்டை இறக்கச் சொல்றதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட்டைக் கேளுங்க. கேக்குறது தப்பில்ல. எங்க வண்டியில குமிழி நின்னுருச்சு, ஹோஸ் மெதுவாத்தான் விறைச்சுச்சு. ஹெட்டு தப்பிச்சுச்சு.

ஆனா ஏத்தத்துல கொதிச்சது? அதுக்குக் காரணம் மூடி மட்டும் இல்ல. அப்பா ஒன்பது வருஷம் திசையன்விளையில வேலை பார்த்தாரு. அங்க நாங்க இருந்த வீட்டு போர் தண்ணியில சோப்பு நுரைக்காது. பாத்திரத்துல வெள்ளை வெள்ளையாப் படியும். அதையேதான் வண்டியும் குடிச்சுச்சு. கீசர் காயில்ல படியுற அதே உப்பு, ரேடியேட்டரோட மெல்லிய குழாய்க்குள்ள படிஞ்சா சூடு வெளிய போகாது. சமதளத்துல சமாளிச்சிரும். ஏத்தத்துல, ஏசி போட்டு, லோடு இழுக்கும்போது மாட்டிக்கும். ஸ்பிரிங் தளர்ந்ததால 118 வரைக்கும் தாங்க வேண்டிய தண்ணி நூத்துச் சொச்சத்துலயே கொதிச்சிருச்சு.

இங்க உங்கள்ல பல பேர் கேக்குற கேள்வி: நம்ம ஊர்ல பனி உறையவா போகுது, கூலன்ட் எதுக்கு? பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு அப்பாவும் இதைத்தான் சொன்னாரு. "தாமிரபரணித் தண்ணி இருக்கும்போது காசு கொடுத்துப் பச்சைத் தண்ணி வாங்கணுமால?"

உண்மையைச் சொன்னா, கூலன்ட்ங்கிற பேரே கொஞ்சம் ஏமாத்து வேலை. சூட்டைச் சுமக்கிறதுல சுத்தமான தண்ணிதான் கெட்டிக்காரன். அதுல எத்திலீன் கிளைக்கால் பாதிக்குப் பாதி கலந்தா, சூடு சுமக்கிற திறன் கொஞ்சம் குறையத்தான் செய்யும். பிறகு ஏன் ஊத்தணும்? முதல் காரணம் துரு. இன்ஜினுக்குள்ள இரும்பு இருக்கு, அலுமினியம் இருக்கு, சில வண்டிகள்ல ரேடியேட்டர்ல செம்பும் பித்தளையும் இருக்கு. ரெண்டு மூணு உலோகத்தை ஒரே தண்ணியில ஊறப்போட்டா அது ஒரு பேட்டரி மாதிரி. ஒண்ணை ஒண்ணு அரிக்கும். அதைத் தடுக்கிற மருந்துதான் கூலன்ட்ல முக்கியம். ரெண்டாவது, கொதிநிலை கூடும். தண்ணிப் பம்ப்போட சீலும் அதிக நாள் உழைக்கும். ஆத்துத் தண்ணி போர் தண்ணியை விட எவ்வளவோ மேல்தான், உப்பு கம்மி. ஆனா அதுலயும் கரைஞ்ச ஆக்சிஜன் இருக்கு, குழாயில வந்தா குளோரினும் இருக்கு. நம்ம உடம்புக்கு அமிர்தம், அலுமினியத்துக்கு இல்ல.

அதனால டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும். எந்த விகிதம்னு வண்டி மேனுவல்ல பாருங்க, இல்லன்னா கலந்தே விக்கிறதை வாங்குங்க. டப்பாவுல ஐஎஸ் 5759 இல்லன்னா ஜேஐஎஸ் கே 2234ன்னு தரம் போட்டிருக்கான்னு பாருங்க. பச்சை, சிவப்பு, நீலம்ங்கிறது வெறும் சாயம்தான். ஒரே நிறம்ங்கிறதால ஒரே சரக்குன்னு நினைச்சு ரெண்டு கம்பெனியைக் கலக்காதீங்க.

மத்த ஒழுகலையும் சீக்கிரமாச் சொல்லிடுறேன். பம்ப்போட அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதுல சொட்டினா சீல் போச்சு. ஹோஸ் கிளிப் பக்கத்துல வெள்ளையாவோ பச்சையாவோ பொடி பூத்திருந்தா அங்க கசிஞ்சு காஞ்சிருக்குன்னு அர்த்தம். முன் சீட்டுல கால் வைக்கிற மேட் ஈரமா இருந்தா ரெண்டு வாய்ப்பு. வாசனை இல்லாத வெறும் தண்ணின்னா ஏசி டிரெயின் பைப் அடைச்சிருக்கு. பிசுபிசுப்பும் இனிச்ச வாசனையும் இருந்தா ஹீட்டர் பெட்டி ஓட்டை. ஆமா, நம்ம வண்டியிலயும் ஹீட்டர் இருக்கு, திருநெல்வேலியில யாரும் தொடுறதில்ல, அவ்வளவுதான். வழியில வண்டி சூடானா ஏசியை நிறுத்திட்டு அந்த ஹீட்டரை முழுசாத் திறந்து விடுங்க. அது ஒரு குட்டி ரேடியேட்டர். சித்திரை வெயில்ல நரகம்தான், ஆனா ஒதுங்க இடம் கிடைக்கிற வரைக்கும் இன்ஜின் தாங்கும்.

எப்ப சூடாகுதுங்கிறதும் ஒரு துப்பு. வண்ணார்பேட்டை டிராஃபிக்ல நிக்கும்போது மட்டும் ஏறி, நாலு வழிச்சாலையில ஓடினா இறங்கினா, ஃபேன் பக்கம் பாருங்க. ஓடும்போதும் ஏத்தத்துலயும் ஏறினா ரேடியேட்டர் அடைப்பு, தண்ணிக் குறைவு, பம்ப். இன்னொண்ணு, சிவப்புல இருந்த முள்ளு திடீர்னு கீழ விழுந்தா சந்தோஷப்படாதீங்க. சென்சார் தண்ணியில முங்கி இருந்தாத்தான் சரியாச் சொல்லும். தண்ணியே தீர்ந்து போயிருந்தா அது பொய் சொல்லும். உடனே நிறுத்துங்க.

கடைசியா, பழைய கூலன்ட்டை எங்க கொட்டுறது? ஆத்தங்கரையில வண்டி கழுவுற பழக்கம் நமக்கு இருக்கு, அதனால சொல்றேன். எத்திலீன் கிளைக்கால் விஷம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இனிப்பா இருக்கிறதால நாய், மாடு நக்கும், சின்னப் பிள்ளைங்க வாயில வைக்கும். நம்ம ஊரும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணி அந்த ஆத்துலதான் வருது. கேன்ல பிடிச்சு மூடி, பழைய ஆயில் சேர்க்கிற ஒர்க்‌ஷாப்புல வாங்கிக்குவாங்களான்னு கேட்டுக் கொடுங்க. சாக்கடையிலயும் வேண்டாம்.

எங்க வண்டிக்குப் புது மூடி, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் சுத்தம் பண்ணினது, கூலன்ட் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சுச்சு. அண்ணாச்சி பாட்டில் மேல மார்க்கர்ல ஒரு கோடு போட்டாரு. "இனிமே மூடியைத் தொடக் கூடாது. இந்தக் கோட்டை மட்டும் பாருங்க." தை மாசம் திரும்பப் பாபநாசம் போனோம். அதே அஞ்சு பேரு, அதே மூணாவது வளைவு. முள்ளு பாதியைத் தாண்டல. அப்பா இப்பவும் காலையில பானெட்டைத் திறக்கிறாரு. கோட்டைப் பார்க்கிறாரு. சொம்பைத் தண்ணியோட கொண்டு போய் முருங்கை மரத்துக்கு ஊத்திட்டு வர்றாரு.